நாளைக்கு 'வில்' மட்டும் போதுமா? ஆங்கில எதிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை ஒரு மூச்சில் ஒப்பித்தவர்கள்கூட, ஆங்கிலத்தில் 'நாளைக்கு என்ன செய்யப்போகிறேன்' என்று சொல்ல வாயெடுத்தால் தயங்குவார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் பழகும்.

எதிர்காலம் என்றால் 'வில்' சேர்த்தால் போதாதா? ஏன் இத்தனை வடிவங்கள்?

தமிழில் நடந்தான், நடக்கிறான், நடப்பான் என்று மூன்று காலமும் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. காலம் மூன்று என்றுதான் தொல்காப்பியமும் சொல்கிறது. ஆங்கில வினைக்குள் இரண்டுதான் உண்டு. வாக், வாக்ட்; கோ, வென்ட். மூன்றாவதாக நாளையைக் காட்டும் வடிவம் அந்த வினைக்குக் கிடையாது. அதனால் வில், ஷல், கோயிங் டு போன்றவற்றை வெளியிலிருந்து துணைக்கு அழைக்கிறார்கள், இல்லாவிட்டால் நிகழ்காலத்தையே நாளைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் 'எப்போது நடக்கும்' என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் என்றால் கோயிங் டு, தள்ளி என்றால் வில் என்று சில கையேடுகளே எழுதியிருக்கின்றன. அது சரியில்லை. பத்து வயதுப் பையன் "ஐ ஆம் கோயிங் டு பி எ டாக்டர்" என்று சொல்லலாம். அது நடக்க இன்னும் பதினைந்து வருடம் ஆகும். "ஐ வில் ஓப்பன் த டோர்" என்று சொல்லி அடுத்த நொடியே கதவைத் திறக்கலாம். பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை. இப்போதுதான் முடிவு செய்தோமா, முன்பே செய்துவிட்டோமா, இன்னொருவரோடு பேசி ஏற்பாடு செய்துவிட்டோமா, அச்சடித்த அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறோமா, கண்ணெதிரே அறிகுறி தெரிகிறதா, வெறும் ஊகமா? கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைத்தவை.

'ஆங்கிலத்தில் ஃப்யூச்சர் டென்ஸே கிடையாது' என்கிறார்களே?

டென்ஸ் என்றால் வினைச்சொல்லே உருமாற வேண்டும் என்று வரையறுக்கும் இலக்கணிகள் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தேர்வுத்தாளில் இந்த வாதம் வேண்டாம். சிம்பிள் ஃப்யூச்சர், ஃப்யூச்சர் கன்டினியூஸ், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்று நான்கையும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுங்கள்.

வில், கோயிங் டு: இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். உங்களுக்கு அது புதுச் செய்தி. "அப்படியா, நான் வாங்கிட்டு வரேன்" என்கிறீர்கள். முடிவு அந்த நொடியில் பிறந்தது. ஆங்கிலத்தில் "ஓ, ஐ வில் கெட் சம்." அதே செய்தி உங்களுக்கு முன்பே தெரியும், பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டியும் விட்டீர்கள் என்றால் "தெரியும்மா, வாங்கத்தான் போறேன்" என்பீர்கள். அது "ஐ நோ, ஐ ஆம் கோயிங் டு கெட் சம்." 'வாங்கப் போறேன்' என்ற நம் பேச்சு வடிவமும் கோயிங் டுவும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. தமிழில் 'போறேன்' இயல்பாக வரும் இடத்தில் கோயிங் டு போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

முன்கூட்டிச் சொல்வதிலும் இதே வேறுபாடுதான். வானம் கறுத்து, காற்று மண்வாசனையோடு வருகிறது: "மழை வரப் போகுது." "இட் இஸ் கோயிங் டு ரெயின்." அறிகுறி கண்முன் இருக்கிறது. அறிகுறி ஏதும் இல்லாமல் உங்கள் எண்ணத்தை மட்டும் சொல்கிறீர்கள் என்றால் "ஐ திங்க் இட் வில் ரெயின் டுமாரோ." கர்ப்பிணியைப் பற்றிச் சொல்லும்போது "ஷி இஸ் கோயிங் டு ஹாவ் எ பேபி" என்பதுதான் வழக்கு. "ஷி வில் ஹாவ் எ பேபி" என்று மொட்டையாகச் சொன்னால் ஜோசியம் சொல்வதுபோல் இருக்கும்.

வாக்குறுதி, உதவ முன்வருவது, மிரட்டல், மறுப்பு இவை நான்கும் வில்லின் சொத்து. "ஐ வில் பே யூ பேக் ஆன் ஃப்ரைடே." "ஐ வில் கேரி தட் பேக்." ஓட்டலில் சர்வரிடம் சொல்லும்போதும் "ஐ வில் ஹாவ் எ காஃபி." அதையே மெனு பார்த்துக்கொண்டிருக்கும் நண்பரிடம் "ஐ ஆம் கோயிங் டு ஹாவ் எ காஃபி, வாட் அபௌட் யூ?" என்று சொல்லலாம், ஏனென்றால் அங்கே நீங்கள் ஆர்டர் கொடுக்கவில்லை, எடுத்த முடிவைத் தெரிவிக்கிறீர்கள்.

பொதுவான ஊகங்களில் இரண்டும் வரும். "இந்தியா வில் வின்", "இந்தியா இஸ் கோயிங் டு வின்" இரண்டுமே சரி. எல்லா வாக்கியத்துக்கும் ஒரே ஒரு சரியான விடை இருக்கும் என்ற எண்ணம் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' நமக்குக் கொடுத்த பழக்கம். பேச்சில் அத்தனை கறார் இல்லை.

'நாளைக்கு மதுரைக்குப் போறேன்' என்பதற்கு 'ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ' சரியா? அது நிகழ்காலம் ஆயிற்றே?

சரிதான். தமிழில் 'போறேன்' என்பதும் நிகழ்காலம்தானே, யாராவது குறை சொல்கிறார்களா? பயணச்சீட்டு எடுத்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று, எதிர்த்தரப்புக்கும் தெரியும் என்ற நிலையில் இருக்கும் நாளைய வேலைகளுக்கு ஆங்கிலமும் நிகழ்காலத் தொடர்வினையையே விரும்புகிறது. "ஐ ஆம் மீட்டிங் த மேனேஜர் ஆன் மண்டே" என்றால் மேலாளருக்கும் அது தெரியும் என்று பொருள். "ஐ ஆம் கோயிங் டு மீட் த மேனேஜர்" என்றால் முடிவு உங்கள் மனதில் இருக்கிறது, அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

இரண்டு எச்சரிக்கை. நாளைக்கு, திங்கட்கிழமை என்று காலத்தைக் காட்டும் சொல் வாக்கியத்திலோ பேச்சின் போக்கிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் இப்போதே நடப்பதாக எடுத்துக்கொள்வார். இன்னொன்று, மனிதர் ஏற்பாடு செய்ய முடியாததற்கு இது ஆகாது. "இட் இஸ் ரெயினிங் டுமாரோ" என்று யாரும் சொல்வதில்லை. மழையோடு யாரும் நேரம் குறித்துக்கொள்ள முடியாது.

தேர்வு விஷயத்தில் நம்மவர்கள் சொல்லும் "டுமாரோ ஐ ஆம் ஹாவிங் எக்ஸாம்" என்பதை "ஐ ஹாவ் அன் எக்ஸாம் டுமாரோ" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதுதான் எங்கும் பொது வழக்கு.

ரயில், பஸ், சினிமா நேரங்களுக்கு?

சாதாரண நிகழ்காலம். "த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன் டுநைட்." "த மூவி ஸ்டார்ட்ஸ் அட் சிக்ஸ் தர்ட்டி." "ஸ்கூல் ரீஓப்பன்ஸ் இன் ஜூன்." அட்டவணையோ நாள்காட்டியோ சொல்வதை அப்படியே சொல்கிறோம், நம் முடிவோ ஊகமோ அதில் இல்லை. "டுமாரோ இஸ் சண்டே" என்பதும் இந்த வகைதான்.

'வென் யூ வில் கம்' தவறு என்கிறார்கள். நாளைக்கு வருவதைத்தானே சொல்கிறோம்?

தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகம் வழுக்கும் இடம் இது. விதி இதுதான்: வென், இஃப், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் போன்ற சொற்களால் தொடங்கி நேரத்தையோ நிபந்தனையையோ காட்டும் பகுதியில் வில் வராது, நிகழ்காலம் வரும். வில் மறுபாதியில் வரும். "வென் யூ கம், ஐ வில் கிவ் யூ த புக்." "இஃப் இட் ரெயின்ஸ், வி வில் ஸ்டே அட் ஹோம்." "ஐ வில் வெயிட் அன்டில் ஹி கம்ஸ்."

இது ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று நினைக்கத் தோன்றும். நம் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நாளைக்கு மழை வந்தால்' என்கிறோம். வருவது நாளைக்கு, ஆனால் 'வந்தால்' பிறந்தது 'வந்த' என்ற இறந்தகால அடியிலிருந்து. 'அவர் வந்ததும் சொல்றேன்', 'வந்த பிறகு பாத்துக்கலாம்' எல்லாம் அப்படியே. நாளைக்கு நடக்கப்போவதை இறந்தகாலத்தில் வைத்துப் பேசுகிறோம், நமக்கு அது உறுத்துவதே இல்லை. எதிர்காலம் என்பதை வாக்கியத்தின் முடிவில் வரும் வினை காட்டிவிடுவதால் முன்பாதி அதைத் திரும்பக் காட்ட வேண்டியதில்லை. ஆங்கிலமும் அதையே செய்கிறது. நாம் இறந்தகால அடியை வைத்துக்கொள்கிறோம், அவர்கள் நிகழ்காலத்தை. 'வரும்போது', 'வரும்வரை' போன்ற சிலவற்றில் மட்டும் 'வரும்' என்று எதிர்கால வடிவம் நிற்கிறது. 'வென் யூ வில் கம்' பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்பட்டு வருகிறது.

1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியதில் இதற்கு அழகான உதாரணம் இருக்கிறது: "அட் த ஸ்ட்ரோக் ஆஃப் த மிட்நைட் அவர், வென் த வேர்ல்ட் ஸ்லீப்ஸ், இந்தியா வில் அவேக் டு லைஃப் அண்ட் ஃப்ரீடம்." அவர் பேசும்போது நள்ளிரவு இன்னும் வரவில்லை. இந்தியா விழிப்பதற்கு வில் போட்டார். உலகம் தூங்குவதற்கு வெறும் ஸ்லீப்ஸ்.

ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்று படித்திருக்கிறேனே?

அதுவும் சரி. அங்கே வென் நேரத்தைக் காட்டவில்லை, ஒரு கேள்வியை உள்ளே வைத்திருக்கிறது. பிரித்தறிய தமிழே போதும். அந்தப் பகுதி தமிழில் 'எப்போது' என்று வந்தால் வில் வரலாம். 'போது', 'வந்ததும்', 'வந்தால்', 'வரை' என்று வந்தால் வில் கூடாது.

'எப்ப வருவார்னு தெரியாது': "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்."
'அவர் வரும்போது கேக்கறேன்': "ஐ வில் ஆஸ்க் வென் ஹி கம்ஸ்."
'வருவாரான்னு தெரியாது': "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்."
'வந்தால் கேக்கறேன்': "ஐ வில் ஆஸ்க் இஃப் ஹி கம்ஸ்."

எந்த நேரம், எந்த நாள் என்று விளக்கும் வென்னிலும் வில், ஷல் வரத் தடை இல்லை. நேருவின் அதே உரையில் முந்தைய வாக்கியத்தில் "த டைம் கம்ஸ் வென் வி ஷல் ரிடீம் அவர் ப்ளெட்ஜ்" என்று வருகிறது. எந்த நேரம்? வாக்கை மீட்கப்போகிற நேரம். தமிழில் பெயரெச்சமாக வருவது இது. "இஃப் யூ வில் ஃபாலோ மி" என்று வரவேற்பாளர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அது 'தயவுசெய்து கூட வர்றீங்களா' என்ற மரியாதைப் பேச்சு, நிபந்தனை அல்ல.

'எங்க அப்பா காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்.' இதற்கு 'வில் கெட் அப்' போடலாமா?

வேண்டாம். "மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்" என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழின் எதிர்கால வடிவம் நாளைக்கு மட்டும் உரியதல்ல. தினமும் நடப்பது, இயற்கையில் என்றும் நடப்பது எல்லாவற்றையும் அதுவே தாங்குகிறது. சூரியன் கிழக்கே உதிக்கும், பசு பால் தரும், அவர் காபி குடிக்க மாட்டார், அந்தக் கடையில் நல்ல மிளகாய்ப்பொடி கிடைக்கும். இவற்றில் எதுவும் நாளையைப் பற்றியதல்ல, ஆங்கிலத்தில் எல்லாம் சாதாரண நிகழ்காலம்: "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்", "ஹி டஸ் நாட் ட்ரிங்க் காஃபி."

நேர்முகத் தேர்வில் இது காலை வாரும். "வாட் டூ யூ டூ ஆன் வீக்கெண்ட்ஸ்?" என்று கேட்கிறார்கள். மனதுக்குள் 'படம் பார்ப்பேன், கிரிக்கெட் விளையாடுவேன்' என்று ஓடுகிறது. வாயில் "ஐ வில் வாட்ச் மூவீஸ், ஐ வில் ப்ளே கிரிக்கெட்" என்று வருகிறது. கேட்பவருக்கு வரப்போகிற சனி ஞாயிறுக்கான திட்டமாகக் கேட்கிறது. "ஐ வாட்ச் மூவீஸ், ஐ ப்ளே கிரிக்கெட்" என்றால் முடிந்தது. வில்லை எங்கே போடுவது என்பதைவிட எங்கே எடுப்பது என்பதுதான் தமிழருக்குப் பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய நாட்களின் பழக்கமும் தமிழில் எதிர்கால வடிவில்தான் வரும்: 'சின்ன வயசுல பாட்டி கதை சொல்லுவாங்க.' அதற்கு "மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் ஸ்டோரீஸ்" அல்லது "வுட் டெல்."

ஆங்கிலத்திலும் ஒருவரின் சுபாவத்தைச் சொல்ல வில் வருவதுண்டு. "ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்" என்றால் 'மணிக்கணக்கா அங்கேயே உக்காந்திருப்பார், அவர் அப்படித்தான்' என்ற தொனி. "ஆயில் வில் ஃப்ளோட் ஆன் வாட்டர்" என்பதும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு எல்லாப் பழக்கத்துக்கும் வில் போடத் தொடங்கிவிட வேண்டாம்.

'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்று இப்போதைக்கும் வில் போடுகிறார்களே?

கதவு தட்டும் சத்தம் கேட்டால் நாம் 'தபால்காரரா இருக்கும்' என்போம் அல்லவா, அதேதான். இப்போதைய ஊகம். 'இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பதற்கும் "ஹி வில் ஹாவ் ரீச்ட் ஹோம் பை நவ்." இந்த இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே தடத்தில் போகின்றன.

ஷல் இன்னும் இருக்கிறதா?

ஐ, வி இரண்டுக்கும் ஷல், மற்றவற்றுக்கு வில் என்ற விதியை 1653-ல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்தார். பள்ளிப் புத்தகங்கள் அதை நெடுங்காலம் சுமந்தன. அன்றாடப் பேச்சில் இன்று எல்லோருக்கும் வில்தான். 'ஐ ஷல்' என்றால் கொஞ்சம் விறைப்பாக, உறுதிமொழிபோல் ஒலிக்கும். 1940 ஜூன் 4-ல் சர்ச்சில் "வி ஷல் நெவர் சரண்டர்" என்று முழங்கியது அந்த விறைப்போடுதான்.

ஷல் உயிரோடு இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, அனுமதியோ யோசனையோ கேட்கும்போது. "ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?" என்றால் 'திறக்கட்டுமா?' "ஷல் வி கோ?" என்றால் 'போலாமா?' இங்கே வில் போட்டால் அர்த்தம் கெட்டுவிடும், "வில் ஐ ஓப்பன் த விண்டோ?" என்றால் நான் திறப்பேனா என்று உங்களிடம் ஜோசியம் கேட்பது ஆகும்.

இன்னொன்று சட்டம். நம் அரசியலமைப்பின் முதல் பிரிவே "இந்தியா, தட் இஸ் பாரத், ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்" என்று தொடங்குகிறது. 21-ஆம் பிரிவு, "நோ பெர்சன் ஷல் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பெர்சனல் லிபர்ட்டி" என்கிறது. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி எவர் உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று பொருள். இவை நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை, கட்டளையிடுகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் "த டெனன்ட் ஷல் பே" என்று இருந்தால் 'கொடுப்பார்' என்று படிக்காதீர்கள், 'கொடுத்தே ஆக வேண்டும்' என்று படியுங்கள்.

'ஐ வில் பி டூயிங்' எப்போது?

'நாளைக்கு இந்நேரம் ரயில்ல போய்க்கிட்டிருப்பேன்' என்று சொல்லத் தோன்றும்போது: "திஸ் டைம் டுமாரோ ஐ வில் பி ட்ராவலிங்." குறித்த நேரத்தில் வேலை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்.

புத்தகங்கள் அதிகம் சொல்லாத இன்னொரு பயன் உண்டு, பேச்சில் அதுதான் எனக்குப் பிடித்தது. ஒருவரிடம் வண்டி கேட்க வேண்டும். "வில் யூ யூஸ் த பைக் திஸ் ஈவினிங்?" என்றால் ஏதோ வற்புறுத்துவதுபோல் தொனிக்கும். "வில் யூ பி யூசிங் த பைக் திஸ் ஈவினிங்?" என்றால் 'சாயந்திரம் வண்டி உங்களுக்கு வேணுமா?' என்று சும்மா விசாரிப்பதுபோல் இருக்கும். அவர் முடிவை நீங்கள் அசைக்கப் பார்க்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் திட்டத்தை மட்டும் கேட்கிறீர்கள். விமானத்தில் "வி வில் பி லேண்டிங் ஷார்ட்லி" என்று அறிவிப்பதும் அந்த இயல்போட்டத் தொனிதான்.

அலுவலக மின்னஞ்சலில் இது அளவு மீறிவிட்டது. "ஐ வில் பி சென்டிங் த ரிப்போர்ட்" என்பதில் பிழை இல்லை. ஆனால் உறுதியாக வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் "ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் பை ஃபைவ்" என்று எழுதுங்கள். நோ, பிலீவ், பிலாங் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு இந்த வடிவம் ஒட்டாது. "யூ வில் பி நோயிங் ஹிம்" என்பது நம்மூர்த் தயாரிப்பு.

'முடித்திருப்பேன்' என்பதற்கு 'வில் ஹாவ் ஃபினிஷ்ட்' தானே?

எப்போதும் அல்ல. தமிழின் 'முடித்திருப்பேன்' இரண்டு இடத்தில் வரும். 'வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருப்பேன்' என்றால் வேலை நடக்கப்போகிறது: "ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே." 'நீ முன்னாடியே சொல்லியிருந்தா முடிச்சிருப்பேன்' என்றால் வேலை நடக்கவே இல்லை: "ஐ வுட் ஹாவ் ஃபினிஷ்ட் இஃப் யூ ஹாட் டோல்ட் மி." முன்னால் 'இருந்தால்' வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த வடிவத்தோடு பை அடிக்கடி சேர்ந்து வரும். பை என்றால் 'குள்', டில் என்றால் 'வரை'. "ஃபினிஷ் பை ஃபைவ்" ஐந்து மணிக்குள், "வெயிட் டில் ஃபைவ்" ஐந்து மணிவரை. இரண்டையும் மாற்றிப் போட்டால் வேலையின் கெடுவே மாறிவிடும்.

ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்ற நீளமான பெயருக்குப் பேச்சில் வேலை குறைவு. "பை நெக்ஸ்ட் ஜூன் ஐ வில் ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்": வரும் ஜூனோடு இங்கே வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகும். இப்படி ஆண்டுக்கணக்கு சொல்லும்போது வரும், வேறெங்கும் தேட வேண்டாம்.

'வரமாட்டேன்', 'வரலை': ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு உண்டா?

உண்டு. 'நாளைக்கு நான் வரலை' என்றால் தகவல்: "ஐ ஆம் நாட் கமிங் டுமாரோ." 'வரமாட்டேன்' என்றால் பிடிவாதம் கலந்து வரலாம்: "ஐ வோன்ட் கம்." கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் "ஐ வோன்ட் கம்" என்று சொல்லிவிடாதீர்கள். "ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்" என்றால் 'வர முடியாது போலிருக்கு' என்ற பணிவு வந்துவிடும்.

'கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது' என்கிறோமே, ஆங்கிலத்திலும் அப்படியே "த கார் வோன்ட் ஸ்டார்ட்." உயிரில்லாத பொருள் முரண்டு பிடிப்பதாக இரண்டு மொழியும் நினைக்கின்றன.

உச்சரிப்பையும் கவனியுங்கள். வோன்ட் என்றால் மாட்டேன், வான்ட் என்றால் வேண்டும். முதல் சொல்லில் 'ஓ' நன்றாக நீளவில்லை என்றால் எதிர்ப்பொருள் போய்ச் சேரும்.

'வருவேன்னு சொன்னார்' என்பதற்கு 'ஹி டோல்ட் தட் ஹி வில் கம்' சொல்லலாமா?

சொன்னது முடிந்துபோனதால் வில் வுட் ஆக வேண்டும்: "ஹி செட் ஹி வுட் கம்." டோல்ட் போட்டால் யாரிடம் என்பதும் வேண்டும்: "ஹி டோல்ட் மி ஹி வுட் கம்." இன்னும் நடக்கவேண்டிய விஷயமாக இருந்தால் பேச்சில் வில் வருவதைப் பார்க்கலாம், ஆனால் எழுத்தில் வுட் பாதுகாப்பு.

'இதோ வந்துட்டேன்', 'போயிட்டு வரேன்' இவற்றை எப்படிச் சொல்வது?

சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது. 'இதோ வந்துட்டேன்' என்று நாம் இன்னும் கிளம்பாதபோதே சொல்வோம், ஆங்கிலத்தில் "ஐ ஆம் கமிங்." விடைபெறும்போது "ஐ வில் கோ அண்ட் கம்" என்றால் தமிழ் தெரியாதவர் விழிப்பார். "சீ யூ லேட்டர்" அல்லது திரும்பி வரப்போவது உறுதி என்றால் "ஐ வில் பி பேக்."

வருவார், வரலாம், வந்தாலும் வரலாம்?

"ஹி வில் கம்", "ஹி மே கம்", "ஹி மைட் கம்." ப்ராபப்லி சேர்த்தால் வில்லுக்குப் பின்னால், வோன்ட்டுக்கு முன்னால் வையுங்கள்: "ஹி வில் ப்ராபப்லி கம்", "ஹி ப்ராபப்லி வோன்ட் கம்."

செய்தித் தலைப்புகளில் 'சி.எம். டு விசிட் கோவை' என்று வில்லே இல்லாமல் வருகிறதே?

"இஸ் டு விசிட்" என்பதில் இஸ் வெட்டப்பட்டிருக்கிறது. முறைப்படி அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு உரிய வடிவம் அது. செய்தியின் உள்ளே "வில் விசிட்" என்று விரியும். பேச்சுக்கு ஆகாது. 'இதோ கிளம்பப் போறேன்' என்ற விளிம்பு நிலைக்கு "ஐ ஆம் அபௌட் டு லீவ்." அதோடு டுமாரோ சேர்க்காதீர்கள், அபௌட் டு என்பது அடுத்த சில கணங்களுக்குத்தான்.

சோதித்துப் பார்க்கச் சில வாக்கியங்கள் தர முடியுமா?

தமிழை மட்டும் படித்து, கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

'அவ தினமும் பஸ்லதான் போவா.' பழக்கம். "ஷி கோஸ் பை பஸ் எவ்ரி டே."

'ஃபோன் அடிக்குது.' 'இரு, நான் எடுக்கறேன்.' அந்த நொடி முடிவு. "ஐ வில் கெட் இட்."

'பாத்து! அந்தக் குழந்தை விழப் போகுது.' கண்முன் அறிகுறி. "தட் சைல்ட் இஸ் கோயிங் டு ஃபால்."

'சம்பளம் வந்ததும் தந்துடறேன்.' முன்பாதியில் வில் இல்லை. "ஐ வில் பே யூ வென் ஐ கெட் மை சாலரி."

'ஞாயித்துக்கிழமை எங்க மாமா வர்றார், டிக்கெட் எடுத்தாச்சு.' ஏற்பாடு. "மை அங்கிள் இஸ் கமிங் ஆன் சண்டே."

'டீ போடட்டுமா?' "ஷல் ஐ மேக் சம் டீ?"